பன்னிரண்டு கிச்சனும் ஒரு வெல்டரும்

குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

உன் கோயமுத்தூர் பட்டறைக்குப் பன்னிரண்டு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கிச்சன் ஆர்டர் பேசுகிற அந்த அபார்ட்மெண்ட் பில்டர் தருகிறேன் என்ற அட்வான்ஸை இந்த வாரம் வாங்காதே. ஆர்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. செக்கை மட்டும் கையில் வாங்காதே. போனில் நீ பேசின வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் பாதி அப்பா சொன்னது. அவருக்கு எழுத உட்கார்ந்தால் கை வலிக்கும் என்பது உனக்குத் தெரியும்.

12 கிச்சன், 60 சதவீதம் முன்பணம். யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதே பேச்சில் நீ வேறு மூன்று விஷயமும் சொன்னாய். ஒரு வெல்டர் நின்றுவிட்டார். பாலிஷ் போடுகிற பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கின ஐந்து வேலை நிலுவையில் கிடக்கிறது. நீ இவற்றைத் தனித்தனித் தலைவலியாகச் சொல்கிறாய். எனக்கு எல்லாம் ஒரே விஷயமாகத்தான் படுகிறது. அட்வான்ஸ் வாங்கினால் அத்தனை ஆள்-நாள், அதாவது ஒரு ஆள் ஒரு நாள் செய்கிற வேலைக் கணக்கில், நீ கடன்பட்டிருக்கிறாய். ஆளே இல்லாமல் வாங்குகிற அட்வான்ஸ், இன்னும் வேலைக்கு வராத வெல்டரை அடமானம் வைத்து வாங்குகிற பணம்.

இங்கே நம் குன்னூர்க் கடையில் எப்படி என்று பார். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்து பச்சை இலை வரத்து குறையும். டீ ஃபேக்டரிக்காரர்கள் அப்போதுதான் இலை வாட்டுகிற நீளத் தொட்டிக்கு, அதாவது டிரஃபுக்கு, வலை மாற்ற, கன்வேயர் பழுது பார்க்க நம்மைக் கூப்பிடுவார்கள். ஏப்ரல் சீசனுக்குள் ஹோம்ஸ்டே கிச்சன் முடிய வேண்டும், ரெய்லிங் முடிய வேண்டும் என்று ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் ஆட்கள் வருவதும் அதே சமயம்தான். ஹோம்ஸ்டேக்காரர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசுவார்கள். எல்லோரிடமும் கை நீட்டினால் இரண்டே மாதத்தில் பேங்க் கணக்கு வீங்கிவிடும். வெல்டிங் பிடிக்கிற கை மட்டும் அதே இரண்டு பேருடையதுதான்.

அதற்காகத்தான் கடைச் சுவரில் அந்தப் பச்சைப் பலகை. சின்ன வயதில் நீ அதில் கோலம் போட்டு அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி. கட்டிங், பெண்டிங், வெல்டிங், பஃபிங் (பாலிஷ்), ஃபிட்டிங் என்று கட்டம். சிங்க் வைத்த பத்தடி எஸ்.எஸ். கவுண்டர் ஒன்றுக்குக் கட்டிங்கும் பெண்டிங்கும் சேர்த்து ஒரு நாள், வெல்டிங் இரண்டு நாள், பஃபிங் ஒன்றரை நாள், ஃபிட்டிங்குக்கு இரண்டு பேர் ஒரு நாள். ஆக ஆறரை ஆள்-நாள். மற்றக் கட்டமெல்லாம் காலியாக இருந்தாலும் வெல்டிங் கட்டம் நிரம்பிவிட்டால் அந்த மாதம் அவ்வளவுதான். அதற்கு மேல் வருகிறவரிடம் “மார்ச் 20-க்கு மேல்தான் ஆகும், அதுவரை காத்திருப்பதென்றால் பெயர் எழுதிக்கொள்கிறேன், பணம் இப்போது வேண்டாம்” என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேர் காத்திருப்பார்கள், அவர்கள்தான் அடுத்த வருஷமும் வருவார்கள்.

இப்போது உன் கணக்கைப் போடு. ஒரு கிச்சனுக்கு ஐந்து வெல்டிங் நாள் என்று நீயே சொன்னாய். பன்னிரண்டுக்கு 60 நாள். நிலுவையில் இருக்கிற ஐந்துக்கு 25 நாள். ஒரே வெல்டர், மாதம் 25 நாள் வேலை. அவருக்குக் காய்ச்சல் வராமல், உன் பட்டறை இருக்கிற கணபதி ஏரியாவில் கரண்ட் போகாமல் இருந்தால்கூட மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிடும். பில்டர் கேட்பதோ இரண்டரை மாதம். இதில் பேச என்ன இருக்கிறது?

அட்வான்ஸே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நம்மைப் போல அளவெடுத்துச் செய்கிறவர்கள் அட்வான்ஸ் வாங்காமல் தகட்டில் கை வைக்கவே கூடாது. ஒரு ஃபேக்டரியின் மாடி அளவுக்குச் செய்த டிரஃப் அடுத்த ஃபேக்டரிக்குப் பொருந்தாது. வெட்டின தகட்டைக் கோயமுத்தூர் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார், பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். அதனால் சரக்குக்கு எவ்வளவு ஆகிறதோ அவ்வளவாவது முதலில் வந்துவிட வேண்டும். நம் கடையில் வேலை மதிப்பில் பாதி சரக்கு, ஆகவே முதல் தவணை பாதி. வெல்டிங் முடிந்து பாலிஷுக்குப் போகும் முன் வாடிக்கையாளரை நேரில் வந்து பார்க்கச் சொல்வோம். பார்த்துத் திருப்தியானால் இன்னொரு 40 சதவீதம், வண்டியில் ஏற்றும் முன்பே. மீதி 10 ஃபிட்டிங் முடிந்த பிறகு. ஏற்றும் முன்பே ஏன் என்றால், எஸ்டேட் உச்சியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்த பிறகு பாக்கிக்காக மறுபடி ஏறுவது ஒரு நாள் கூலி நஷ்டம். கீழே சமவெளியில் உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பில்டரின் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடப்பது அதைவிடக் கொடுமை.

வந்த பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். அதில் தகடு வாங்கு, டியூப் வாங்கு, அந்த ஆர்டருக்கு வேண்டிய ஹிஞ்ச் வாங்கு. வாடகையும் சனிக்கிழமைக் கூலியும் முடித்துக்கொடுத்த வேலையின் பணத்திலிருந்து போகட்டும். புது அட்வான்ஸை எடுத்துப் பழைய வாரத்துக் கூலி கொடுக்க ஆரம்பித்தால், கடை எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே ஓட்டை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். நல்ல கைவேலை தெரிந்தவர் ஒருவர் மேட்டுப்பாளையத்தில் இப்படித்தான் ஷெட்டைப் பூட்டினார். ஆர்டருக்கு அவருக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

எழுத்து விஷயம் கொஞ்சம். கொட்டேஷனில் ஏழு நாள் கெடு போடு, எஸ்.எஸ். விலை அதற்கு மேல் ஒரே இடத்தில் நிற்காது. ஆர்டரை ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பாய் என்பதையும் எழுது. ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று பில் புத்தகத்தில் பெரிய எழுத்தில் அடித்துவிட்டால் எல்லாம் நமக்கே என்று நினைக்காதே. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதின தொகைக்குள் நியாயமான ஈட்டைத்தான் கொடுக்கச் சொல்கிறது. அதனால் ‘வெட்டின சரக்கின் விலையும் அதுவரை ஆன கூலியும் கழித்து மீதி திருப்பித் தரப்படும்’ என்று எழுது. கையெழுத்துப் போடுகிறவருக்கும் மனசு இடறாது.

ஜி.எஸ்.டி.யில் நீ குழம்பினாயே, அது இவ்வளவுதான். நாமே சரக்குப் போட்டுப் பொருளாகச் செய்து விற்றால், 2017 நவம்பர் முதல் அட்வான்ஸ் வாங்கும்போது வரி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போது கட்டினால் போதும். வாடிக்கையாளர் தகடு கொடுத்து நீ வேலை மட்டும் செய்தால் அது சேவை, அட்வான்ஸ் வந்த உடனே வரி உண்டு. கட்டடத்தோடு சேர்த்துப் பொருத்துகிற கிச்சன் எந்தப் பக்கம் விழும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுப் பில்டரிடம் பேசு. எதுவானாலும் பணம் வாங்கின அன்றே ரசீது வவுச்சர் போட்டுவிடு.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவைச் செய்துவிட்டாயா? காசு கிடையாது, ஆதாரும் பான் நம்பரும், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த நம்பரும் போதும். பதிவு இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பில்டர் உனக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தே இல்லை என்றால் 15 நாள். கெடு தாண்டியும் மார்ச் 31-க்குள் கொடுக்காமல் விட்டால் அந்தச் செலவை அந்த வருஷத்து வருமான வரிக் கணக்கில் அவரால் கழிக்கவும் முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இப்படித்தான். இதனால் மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே அவரைப் போட்டு நெருக்குவார். இங்கே டீ ஃபேக்டரிக்காரரிடம் இந்தச் சட்டத்தையெல்லாம் நான் பேசுவதில்லை. குன்னூரில் ஏலத்தில் விலை விழுந்தால் அவர் கையிலும் பணம் இருக்காது. கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்மேல் கேஸா போட முடியும்? உன் பில்டருக்கு அந்தத் தாட்சண்யம் வேண்டாம்.

இனி ஆள்.

இங்கேயும் இதே பாட்டுதான். மலைப் பையன்கள் ப்ளஸ் டூ முடித்ததும் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிவிடுகிறார்கள். தெரிந்த வெல்டரைத் தேடி அலைவதை அப்பா எப்போதோ நிறுத்திவிட்டார். ஹெல்பராகச் சேர்த்து வளர்த்த ஆள்தான் நம்மிடம் நிற்கிறார்கள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான பெரியவர் ஒருத்தர் காலையில் மூன்று மணி நேரம் வந்து உட்காருகிறார். அவர் வேலையே செய்ய வேண்டாம் கண்ணு. பையன் மூலைமட்டம் வைக்கிறபோது பக்கத்தில் நின்றால் போதும். உன் பக்கத்தில் பம்பு, மோட்டார் கம்பெனிகளில் ரிட்டயரானவர்கள் எத்தனை பேர்! அதில் ஒருவரை அரை நாளுக்குக் கேட்டுப் பார். ஐ.டி.ஐ.யில் போய் அப்ரெண்டிஸ் கேள். உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு திட்டத்தில் கிடைக்கும். ஆனால் அப்ரெண்டிஸ் பையன் இந்த ஆர்டருக்கு உதவ மாட்டான், அடுத்த வருஷத்துக்குத்தான் உதவுவான். அதை மறந்து அவனையும் பலகையில் ஒரு கையாக எழுதிவிடாதே.

வெல்டர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று அப்பா கேட்கவே மாட்டார். 304 ரக எஸ்.எஸ். தகட்டில் இரண்டு துண்டு கொடுத்து, டங்ஸ்டன் முனையும் ஆர்கான் கேஸும் வைத்துச் செய்கிற டிக் வெல்டிங்கில் ஒரு மூலை சேர்த்துக் காட்டச் சொல்வார். பார்ப்பது அந்த மூலையை மட்டும் இல்லை. வந்தவர் தகட்டைத் துடைத்தாரா, டங்ஸ்டன் முனையைத் தீட்டினாரா, ஆர்கான் ஓட்டத்தைப் பார்த்தாரா, அதற்கப்புறம்தான் டார்ச்சை எடுத்தாரா என்று கவனிப்பார். பற்றவைத்த இடம் வைக்கோல் நிறத்தில், தங்கம் மாதிரி இருந்தால் சரி. சாம்பலாகவோ கறுப்பாகவோ போயிருந்தால் சூடு மிஞ்சிவிட்டது, இல்லை கேஸ் போதவில்லை. அந்தக் கறுப்பை எடுக்கப் பாலிஷ் பையன் அரை நாள் தேய்க்க வேண்டும். உனக்கு இப்போது பாலிஷ் பையனும் இல்லை.

போன வாரம் வந்தவர் சேரும் முன்பே இருபதாயிரம் கேட்டார் என்றாயே. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிப் பக்கம் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிற பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. அந்த வழிக்கே போகாதே. கடனைக் காட்டி ஒருத்தரை வேலையில் கட்டிப்போடுவது 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், பணத்துக்காக நிற்கிற கை வெல்டிங்கில் தெரிந்துவிடும். சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் கொடு. எழுதிக் கொடு, வாரம் எவ்வளவு பிடிப்பாய் என்று முன்னாடியே சொல்லிப் பிடி. நடுவில் நின்றுவிட்டால் பாக்கியைக் கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்கக் கூடாது.

ஜார்க்கண்ட், பீகார் பையன்களைக் காண்ட்ராக்டர் மூலம் எடுத்தால் சத் பூஜைக்குப் போவார்கள். நம்மவர்கள் பொங்கலுக்குப் போவார்கள். போகக் கூடாது என்று சொல்லிப் பார்ப்பது வீண். டெலிவரி தேதியை அதற்கு ஏற்றபடி எழுது. ஆள் சேர்ந்த அன்றைக்கே அவருக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிடு, பில்டரும் சைட்டில் கேட்பார். சனிக்கிழமை கூலி நாலு மணிக்குக் கையில் இருக்க வேண்டும், ஆறு மணிக்கு இல்லை. கறிக்கடைக்கும் சந்தைக்கும் போகிற நேரம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். பொம்பளை முதலாளியிடம் ஆள் நிற்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, இத்தனை வருஷமாக நம் கடையில் கூலி எண்ணிக் கொடுப்பது யார்?

பில்டரிடம் இப்படிக் கேள். பன்னிரண்டுக்கும் விலை இப்போதே பேசலாம், ஆனால் ஆர்டர் நாலு நாலாக. முதல் நாலுக்கு மட்டும் அட்வான்ஸ், அதுவும் 50 சதவீதம் போதும். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் அளவெடுப்பேன் என்று எழுதி வாங்கு. பூச்சு வேலைக்கு முன் எடுத்த அளவில் செய்தால் முக்கால் இஞ்ச் உதைக்கும், அப்புறம் தப்பு யார் தலையில் என்று சண்டை. இரண்டாவது நாலின் விலையில், தகடு விலை ஏறினால் ஏற்றத்தைச் சேர்க்கலாம் என்று ஒரு வரி இருக்கட்டும். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருக்கு அவசரம் அதிகம், வேறு பெரிய ஆளிடம் போகட்டும். அதற்கு முன், நிலுவையில் இருக்கிற ஐந்து பேருக்கும் நீயே போன் போட்டு உண்மையான தேதியைச் சொல்லிவிடு. அவர்கள் கூப்பிடும் வரை காத்திருக்காதே.

வெள்ளிக்கிழமை அப்பா தகடு எடுக்கக் கோயமுத்தூர் வருகிறார். மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாக இறங்குவார், மதியம் ஆகிவிடும். அந்த இருபதாயிரம் கேட்டவரை அன்றைக்குக் கடைக்கு வரச் சொல், தகடு கொடுத்துப் பார்க்கட்டும். வேலை நன்றாக இருந்தால் முன்பணம் இல்லாமல், நாள் கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டுப் பார். இங்கே நம் இரண்டாவது ஆளை பத்து நாளைக்கு உனக்கு அனுப்பலாமா என்று அப்பா யோசிக்கிறார், டிசம்பரில் வேலை குறைவுதான். அவனுக்குத் தங்க இடம் உன் பக்கத்தில் கிடைக்குமா என்று விசாரித்து வை. நாலு கிச்சனுக்குப் பில்டர் என்ன சொன்னார் என்று புதன்கிழமை ராத்திரி கூப்பிடு.

அன்புடன்
அம்மா