குருடர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆவிக்குரிய குருட்டாட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். இரண்டாம் கொரிந்தியர் 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அவிசுவாசிகளின் மனம் குருடாகியிருப்பதைக் கட்டுரையாளர் விளக்கியிருந்தார். வசனம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களிலும் இப்படித்தான், குருடர் என்றாலே பந்தலுக்கு வெளியே இருப்பவர்கள். வேதத்திலோ அந்தச் சொல் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் மேல்தான் விழுகிறது.

"என் தாசனையல்லாமல் குருடன் யார்?" என்று ஏசாயா 42இல் கர்த்தர் கேட்பது இஸ்ரவேலை. கண்ணுக்குக் கலிக்கம் (கண் மருந்து) போட்டுக்கொள் என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லப்பட்டது லவோதிக்கேயா சபைக்கு. தனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சபை அது.

பிறவிக்குருடன் ஒருவனுக்கு இயேசு ஓய்வுநாளில் பார்வை கொடுத்ததைச் சொல்லும் யோவான் 9ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். பார்வை பெற்றவன் தன்னைக் குணமாக்கியவரை முதலில் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான். அப்புறம் தீர்க்கதரிசி என்கிறான், கடைசியில் பணிந்துகொள்கிறான். விசாரிக்கிற பரிசேயரோ (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர்) ஓய்வுநாள் பிரமாணத்தைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இருட்டுக்குள் போகிறார்கள். பெற்ற தாய் தகப்பன்கூட, ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்களே என்று பயந்து, "அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஊர்விலக்கத்தின் பயம் அறிந்த நமக்கு இது புரியாதா? "காண்கிறோம் என்று சொல்லுகிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது" என்று முடிகிறது அதிகாரம்.

அவன் குருடனாய்ப் பிறந்ததற்கு யார் செய்த பாவமும் காரணமல்ல என்று அதே அதிகாரத்தில் இயேசு சொல்லிவிட்டார். நூறாண்டுக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடக்கிற ஊர் எங்கள் பாளையங்கோட்டை. பார்வையில்லாதவர்களும் ஆராதனையில் உட்கார்ந்திருக்க, பிரசங்க பீடத்திலிருந்து "குருடனே" என்பதை வசவுபோல முழங்குவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

யோவானின் முதல் நிருபம் இன்னும் பச்சையாகச் சொல்கிறது: சகோதரனைப் பகைக்கிறவனின் கண்களை இருள் குருடாக்கியிருக்கிறது. இந்த வசனத்துக்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலை இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். இரண்டு சாதியாரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். நடுவே இருந்த தடுப்பை 1910இல் இடித்தபோது, மேல்சாதி என்று எண்ணியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வேதம் தெரியாதவர்களா அவர்கள்? பூசை தவறாதவர்கள்.

அவர்களைக் கத்தோலிக்கர் என்று தள்ளிவிட்டு சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களாகிய நாங்கள் தப்பிக்க முடியாது. சபைத் தேர்தல் வந்தால் ஓட்டு எந்தக் கணக்கில் விழுகிறது, பெண் பார்க்கும்போது முதலில் எதை விசாரிக்கிறோம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்பது திருநெல்வேலிச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அசனம் என்கிற சபை விருந்தில் சேர்ந்து சாப்பிடுகிறோமே என்கிறார்கள். சரி, அது நல்லதுதான். ஆனால் மறுநாள்?

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், 1 யோவான் 2:11ஐ எடுத்து, நம் சபைகளின் பெயரைச் சொல்லியே எழுதும்படி தங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை