வகுப்பு வலைப்பூ வாடிப்போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்மொழி வகுப்புகளில் மாணவர்களை வலைப்பூ எழுத வைப்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரை, கணக்குத் தொடங்கும் முறையைச் சொல்வதோடு நின்றுவிட்டது. கணக்குத் தொடங்குவது பத்து நிமிட வேலை. முதல் மாதம் களைகட்டிய வலைப்பூ மூன்றாம் மாதம் ஏன் ஓய்ந்துபோகிறது என்பதைத்தான் ஆசிரியர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எழுதியதைப் படிக்க ஆள் இல்லை. மாணவர் எழுதுகிறார், ஆசிரியர் திருத்துகிறார், மதிப்பெண் போடுகிறார். இது நோட்டில் எழுதும் கட்டுரையேதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

ஆங்கிலம் கற்பிப்போருக்காக 2003இல் ஆரன் கேம்ப்பெல் எழுதிய கட்டுரையில் ஆசிரியர் வலைப்பூ, மாணவர் வலைப்பூ, வகுப்பு வலைப்பூ என்று மூன்று வகை சொன்னார். தொடக்க நிலைக்கு, எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து எழுதும் மூன்றாவதே பொருந்தும். முப்பது பேருக்கு முப்பது வலைப்பூ திறந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் படிக்க யாருக்கும் பொழுது இருக்காது.

முப்பது பேரை ஆறாறு பேராக ஐந்து குழுக்களாக்குங்கள். வாரம் ஒரு குழு எழுதட்டும். மற்ற 24 பேரும் ஆளுக்கு இரண்டு மறுமொழி இடட்டும். யார் யாருக்கு என்பதை ஆசிரியரே பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு மறுமொழி விழும். இப்படிப் பிரிக்காமல் விட்டால் கெட்டிக்கார மாணவரின் பதிவில் இருபது சேரும், கூச்சப்படும் மாணவரின் பதிவில் ஒன்றும் இருக்காது. அவர் மறுபடி எழுத மாட்டார். பதிவின் அளவு, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி ஏ2 என்னும் அடிப்படை நிலைக்கு 80 முதல் 100 சொல், அதற்கு அடுத்த பி1 நிலைக்கு 150 சொல் என்று வைத்தால் போதும். 'அருமை', 'சூப்பர்' எல்லாம் மறுமொழிக் கணக்கில் சேராது. ஒவ்வொரு மறுமொழியிலும் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும், எழுதியவர் குறைந்தது மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் மாணவர்கள் எப்போதும் பதில் சொல்லித்தான் பழகுகிறார்கள், அயல்மொழியில் கேள்வி கேட்க வாய்ப்பே கிடைப்பதில்லை. வலைப்பூவின் பெரிய பலன் அங்கேதான் இருக்கிறது. பத்து மதிப்பெண் என்றால் நான்கை மறுமொழிக்கு ஒதுக்குங்கள். தலைப்பும் கேள்வியைத் தூண்ட வேண்டும். 'என் விடுமுறை' என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். 'எங்கள் தெருவில் ஒன்றை மாற்றலாம் என்றால்' என்று கொடுத்துப் பாருங்கள், மறுத்துப் பேசவே நாலு பேர் வருவார்கள்.

திருத்தம் ஒருபோதும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கக் கூடாது. வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் மாணவருக்குப் 'பங்களிப்பாளர்' நிலை கொடுத்தால் அவர் எழுதலாம், வெளியிட முடியாது. பதிவு ஆசிரியரின் பார்வைக்குக் காத்திருக்கும். இதில் இரண்டு சிக்கல் உண்டு. அந்த நிலையில் உள்ளவர் படம் ஏற்ற முடியாது, வெளியான பிறகு தன் பதிவைத் தொடவும் முடியாது. ஆகவே திருத்தமும் படமும் வெளியிடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

எல்லாப் பிழையையும் சுட்ட வேண்டாம். ஒரு பதிவில் இரண்டு வகை போதும். ஜெர்மன் படிக்கும் தமிழ் மாணவர் 'நேற்று நான் சினிமாவுக்குப் போனேன்' என்பதை 'கெஸ்டர்ன் இஷ் பின்' என்று தொடங்குவார் ('கெஸ்டர்ன்' நேற்று, 'இஷ்' நான், 'பின்' வினைச்சொல்). தமிழில் 'நேற்று நான்' சரிதான். ஜெர்மனில் வினை இரண்டாம் இடத்தில் வந்தாக வேண்டும், அதனால் 'கெஸ்டர்ன் பின் இஷ்' என்று இருக்க வேண்டும். ஆசிரியர் அதைத் தானே மாற்றி எழுதாமல் 'வரிசை' என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பினால் மாணவரே கண்டுபிடிப்பார். இலக்கணத் திருத்தமே வீண் என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டதும் அதை இன்னொரு ஆய்வாளரான டானா ஃபெரிஸ் மறுத்ததும் இத்துறையில் பெரிய விவாதம். யார் பக்கம் நின்றாலும், சிவப்பில் முழுகிய தாளிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதே எங்கள் கருத்து. மறுமொழிகளில் பிழை திருத்தவே வேண்டாம். பொருள் குழம்பினால் மட்டும் சரியான வடிவத்தைத் தன் பதிலில் ஆசிரியர் இயல்பாகப் பயன்படுத்திக் காட்டலாம்.

மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒட்டுவது இன்று எல்லோருக்கும் உள்ள தலைவலி. முதல் பதினைந்து நிமிடம் வகுப்பிலேயே கையால் எழுத வைத்து, பிறகு அதைத் தட்டச்சிட வைத்தால் பெருமளவு குறையும். வேர்ட்பிரஸ் முந்தைய வடிவங்களைச் சேமித்து வைக்கும். கைப்பிரதிக்குச் சம்பந்தமே இல்லாமல் முழுப் பதிவும் ஒரே வடிவமாக வந்து விழுந்திருந்தால், அதில் வரும் இரண்டு சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். குற்றம் சாட்டத் தேவையில்லை.

கற்கும் மொழிக்கான விசைப்பலகையை முதல் வாரத்திலேயே அமைத்துவிடுவது நல்லது. ஜெர்மனில் 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதே சொல்லின் ஓகாரத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைத்தால் 'அழகான'. ஜப்பானிய மொழியில் 'ஹாஷி' என்று தட்டினால் பாலம், உணவுக்குச்சி, ஓரம் என்று வெவ்வேறு பொருள் தரும் மூன்று எழுத்துகளைக் கணினி நீட்டும். தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் பாலத்தால் சாப்பிட்டதாக எழுதிவிடுவார். உலாவியின் எழுத்துப்பிழைச் சோதனை ஆங்கிலத்தில் இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழும், புதிய மாணவர் மிரண்டுபோவார்.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எழுதும் வலைப்பூ தேடுபொறியில் வரக் கூடாது. புனைபெயர் மட்டும் போதும், முகம் தெரியும் படமும் பள்ளியின் பெயரும் வேண்டாம், வெளியார் மறுமொழி ஆசிரியர் பார்த்த பிறகே வெளியாக வேண்டும். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே முதல் பதிவு. தங்கள் கல்விப் பக்கத்தின் அடுத்த கட்டுரையில் இதற்கு முதலிடம் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அயல்மொழி ஆசிரியர்கள் சிலர்