சப்வூஃபரின் எர்த் முள்ளை ஒடித்த உங்கள் சர்வீஸ் குறித்துப் புகார்

மதுரை,
மார்ச் 5.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: 5.1 ஹோம் தியேட்டரில் சப்வூஃபரைத் தவறாக இணைத்தது, எர்த் முள்ளை ஒடித்தது, பிறகு வாரண்டி இல்லை என்றது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மாதம் உங்கள் ஷோரூமில் ரூ. 62,000 கொடுத்து ஒலியைப் பிரித்து அனுப்பும் ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், அடிஒலிக்கென்றே (பேஸ்) இருக்கும் 10 அங்குல சப்வூஃபர் பெட்டி அடங்கிய செட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொருத்தி, அறைக்கு ஏற்றபடி அளவெடுத்து அமைத்துத் தர ரூ. 2,500 தனி. பில்லிலேயே அப்படித்தான் இருக்கிறது. உங்கள் ஆள் மூன்று முறை வந்து போனார். மூன்று முறையும் ஒவ்வொரு கோளாறு புதிதாகச் சேர்ந்தது.

பிப்ரவரி 8 அன்று முதல் தடவை வந்தார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு சண்டைப் படத்தைப் போட்டு, குண்டு வெடிக்கும் இடத்தைக் காட்டி, ஜன்னல் கம்பி அதிர்ந்ததும், "செம பேஸ் சார்" என்றார். நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் என் அப்பாவுக்காக ஒரு கச்சேரி போட்டேன். அவருக்கு வயது 78. நாற்பது வருடம் மிருதங்கம் வாசித்தவர். ஐந்து நிமிடம் கேட்டார். "மிருதங்கம் வாசிக்கிறானா, மேசையைத் தட்டுறானா? தொப்பி எங்கடா?" என்றார். நியாயமான கேள்வி. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கிறது, இடது பக்கமான தொப்பியில் இடது கை எழுப்பும் கனமான கும்கி இருந்த இடமே தெரியவில்லை. சப்வூஃபர் மேல் கை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை.

உங்களுக்கு போன் செய்தபோது, "பாட்டில் பேஸ் குறைவாக இருக்கும் சார், படத்தில்தான் வரும்" என்று பதில் வந்தது. இது தவறு என்று கையேட்டைப் படித்த பிறகு எனக்கே புரிந்தது. உங்கள் ஸ்பீக்கர்கள் ஐந்தும் உள்ளங்கை அளவு, 3 அங்குலக் கோன். 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவை வேலை செய்யாது என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். ஆனால் ரிசீவரில் ஐந்தும் 'லார்ஜ்' என்று பதிவாகியிருந்தன. லார்ஜ் என்று சொல்லிவிட்டால் ரிசீவர் அடிஒலி முழுவதையும் அந்தக் குட்டி ஸ்பீக்கர்களுக்கே அனுப்பும். 5.1-ல் அந்த .1 என்பது படத்தில் தனியாகப் பதிவான அடிஒலித் தடம். அதை மட்டும்தான் சப்வூஃபருக்குத் தரும். இரண்டு சேனல் கச்சேரியில் அந்தத் தடமே கிடையாது. குண்டு வெடிக்கும்போது சத்தம் வந்ததும், தொப்பி வராததும் இதனால்தான்.

பிப்ரவரி 15 அன்று இரண்டாம் தடவை. வருகைக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு ரூ. 590. நான் லார்ஜ் விஷயத்தைக் காட்டினேன். 'ஸ்மால்' என்று மாற்றி, எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தார். 110-க்குக் கீழே பேசாத ஸ்பீக்கருக்கு 80 எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு சப்வூஃபரின் பின்பக்கம் இருக்கும், வைத்த எண்ணுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டிவிடும் வடிகட்டித் திருகு 60-ல் நின்றது. ரிசீவரே பிரித்து அனுப்பும்போது அந்தத் திருகைக் கடைசி வரை திருப்பி ஒதுங்க வைக்க வேண்டும். அப்படிச் செய்யாததால் 60-க்கும் 110-க்கும் நடுவில் யாருமே சரியாகப் பேசாத ஒரு பள்ளம் விழுந்தது. மிருதங்கத்தின் தொப்பி பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அந்தப் பள்ளத்தில்தான். பேஸ் போதவில்லை என்றதும் அவர் செய்தது, சப்வூஃபரின் வால்யூமை முழுவதும் ஏற்றியது. உடனே "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல், தம்பூரா மாதிரி விடாமல். "இதையும் சரி பண்ணிடறேன்" என்று பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். இரண்டு நிமிடத்தில் இரைச்சல் நின்றது. எனக்கு அவர் மேல் மரியாதைகூட வந்தது.

மறுநாள் காலையில் என் மனைவி பெருக்கும்போது சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு துடைப்பத்தில் உருண்டு வந்தது. சுண்டுவிரல் நுனி அளவு, ஒரு முனை கொறித்த மாதிரி. ஏதோ ஸ்குரூ சாமான் என்று டிராயரில் போட்டு வைத்தார்.

மூன்றாம் தடவை பிப்ரவரி 22, இன்னொரு ரூ. 590. ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலி அளவையும் தூரத்தையும் ரிசீவரே கணக்கிட, மைக் வைத்து அளவெடுக்க வந்தார். மைக்கைக் காதளவு உயரத்தில் வைக்க வேண்டும். இவர் சோபா மெத்தையில் படுக்கப் போட்டார். தலைக்கு மேல் மின்விசிறி நாலில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் குக்கர் விசில் இரண்டு, அவருடைய போன் ஒன்று. முடிவில் சப்வூஃபர் அளவு மைனஸ் 12 டெசிபல் என்று வந்தது. ரிசீவரால் அதற்குக் கீழே இறக்க முடியாது. பெட்டியின் வால்யூமைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டு என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் ஓட்டவில்லை. சப்வூஃபரின் தூரம் 11 அடி என்று காட்டியது. டேப் பிடித்தால் 5 அடிதான் என்று சொல்லி, அதைக் கையால் 5 ஆக்கினார். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அதையும் சேர்த்துத்தான் ரிசீவர் தூரம் சொல்கிறது. ஆக, சரியாக வந்த ஒரே ஓர் எண்ணையும் மாற்றிவிட்டார். கிளம்பும்போது, "ரூம் சரியில்ல சார், 12 இஞ்ச் எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கோங்க" என்றார்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எங்கள் வீடு அன்றைக்கு மூன்றாவது, இன்னும் மூன்று வீடு பாக்கி என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பழக்காமல் அனுப்பியது நீங்கள்.

மறுநாள் நானே பெட்டியை நகர்த்தினேன். அப்போதுதான் பார்த்தேன்: பிளக்கில் மேலே இருக்க வேண்டிய பெரிய முள் இல்லை. கட்டிங் பிளேயர் கடித்த தடம் அப்படியே இருந்தது. டிராயரில் இருந்த துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

அந்தப் பெட்டியின் பின்பக்கம் முழுவதும் உலோகத் தகடு. உள்ளே ஏதாவது பழுதாகிக் கரன்ட் தகட்டுக்கு வந்தால் அதை பூமிக்கு இறக்க இருந்த ஒரே வழி அந்த முள். என் மனைவி வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கும் இடம் அது. இரைச்சலை நிறுத்த ஒருவர் இதைச் செய்யத் துணிந்தார் என்றால், எங்கள் வீட்டில் மட்டும்தான் செய்திருப்பாரா?

பிப்ரவரி 24 அன்று எங்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதித்து, புது மூன்று முள் பிளக் போட்டேன். இரைச்சல் திரும்பி வந்தது. செட்டாப் பாக்ஸில் இருந்து கேபிள் வயரைக் கழற்றினேன், நின்றது. மாட்டினேன், வந்தது. கேபிள் ஒரு எர்த்திலும் சப்வூஃபர் இன்னோர் எர்த்திலும் நின்றதால் வந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் அது. கேபிள்காரரே வயரில் அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஓர் ஐசோலேட்டர் போட்டுக் கொடுத்தார். முள்ளில் கை வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மீதியையும் நானே செய்தேன். கதவுக்குப் பின்னால் மூலையில் வைத்திருந்த சப்வூஃபரை டி.வி. பக்கம் கொண்டுவந்தேன். எல்லை 120 வரை ஏறும்போது ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். பழைய இடத்திலேயே விட்டிருந்தால் ஆண் குரலின் கனமெல்லாம் முதுகுப் பக்கம் இருந்து வரும். எல்லை 120, பெட்டித் திருகு கடைசி வரை, வால்யூம் பாதி, மைக் கேமரா ஸ்டாண்டில், மின்விசிறி நிறுத்தம். அளவு மைனஸ் 3 வந்தது. சப்வூஃபரின் அதிர்வை மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ் சுவிட்சை 180-ல் போட்டுப் பார்த்தேன், தொப்பி மெலிந்தது, 0-விலேயே விட்டேன். அப்பா அதே கச்சேரியைக் கேட்டுவிட்டு, "இப்ப வாசிக்கிறான்" என்றார்.

இத்தோடு விட்டிருப்பேன். பிப்ரவரி 27 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருந்து, கம்பெனி பிளக்கை வெட்டி மாற்றியதால் சப்வூஃபருக்கு இனி வாரண்டி கிடையாது என்று தகவல் வந்தது. உங்கள் ஆள் முள்ளை ஒடித்தால் அது சர்வீஸ். அந்த ஆபத்தை நான் சரிசெய்தால் அது விதிமீறலா?

ஆகவே, பொருத்தக் கட்டணம் ரூ. 2,500, இரண்டு வருகைக்கு ரூ. 1,180, ஆக ரூ. 3,680-ஐத் திருப்பித் தர வேண்டும். வாரண்டி முழுமையாகத் தொடர்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். பிளக்கோடு கூடிய புது மின்வயரை உங்கள் செலவில் போட்டுத் தர வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, அதே ஆள் பொருத்திய மற்ற வீடுகளுக்குப் போய் எர்த் முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை எனக்கும் தெரிவிக்க வேண்டும்.

15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு என்று எங்கள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

பில், மூன்று வருகைச் சீட்டுகள், பிளக்கின் புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல் இணைத்துள்ளேன். பித்தளைத் துண்டு என்னிடமே இருக்கும்.

வயர் மாற்ற ஆள் அனுப்புவதானால் காலை 11 மணிக்குமேல், போன் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். மத்தியானம் அப்பா தூங்குவார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்