பேர் இல்லாத கல்: எங்கள் ஊர் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று, முதல் உலகப் போருக்குப் போன நம் ஊர்க்காரர்களின் நினைவாகச் சுவரில் பதித்திருக்கும் அந்தக் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களாம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இவங்க பேரெல்லாம் எங்க டீச்சர்?" என்று கேட்டானாம். போன வாரம் வாசலில் நின்று நீங்கள் இதைச் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நம் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியாவில் பல ஊர்களில் இந்த மாதிரிக் கல் பதித்தது. வேலூர் மணிக்கூண்டிலும் ஒன்று இருக்கிறது. வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். கணக்கு இருக்கிறது, ஆள் இல்லை.

ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். கல்லறை தெரியாமல் போன 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது அது. அதில் அதிகாரிகளின் பேரை வெட்டினார்கள். நம் சிப்பாய்களுக்கு, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். இது தவறு என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல்தான் வாய்விட்டு ஒப்புக்கொண்டது.

நானும் பட்டாளத்தில் இருந்தவன். என் படை எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் என் அம்மா என்னை அந்த எண்ணைச் சொல்லியா கூப்பிட்டாள்?

நம் ஏரிக்கரை வேடியப்பனைப் பாருங்கள். மாட்டுப் பொங்கலன்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அது ஒரு நடுகல். தர்மபுரி, செங்கம் பக்கமெல்லாம் பல்லவர் காலத்து நடுகற்கள் கிடக்கின்றன. மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட, இந்த அரசன் காலத்தில், இன்னார் மகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில், கடல் தாண்டிப் போய்ச் செத்தவனுக்கு நம்மிடம் ஒரு பேர்கூட இல்லை.

எங்கள் வீட்டை ஏன் பட்டாளத்தார் வீடு என்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டீர்கள். அது என்னால் வந்த பேர் அல்ல. என் தாத்தாவின் அண்ணன் அந்தப் போருக்குப் போனவர். சிப்பாய்க்கு அப்போது மாதம் 11 ரூபாய் சம்பளம். மானாவாரிக் காட்டை நம்பிக் கிடந்த வீட்டுக்கு அது பெரிய காசு. மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார் என்று தாத்தா சொல்வார். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது அவர்கள் வேலை. பட்டாளத்தில் இன்றைக்கும் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்ராவுக்குப் போன அந்தத் தம்பி திரும்பவில்லை. அவர் சம்சாரத்தை, என் பெரிய அப்பாயியை, நான் பார்த்திருக்கிறேன். கடைசிவரை புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. "அவுங்க" என்பார், அவ்வளவுதான்.

அவர் பேருக்கு ஒரு வெள்ளி மெடல் வந்தது. என் அத்தை கல்யாணத்தின்போது கையில் காசில்லை. பெரிய அப்பாயியே அதை எடுத்துக்கொடுத்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உருக்கிக் கொலுசாக்கினார்கள். அத்தை காலில் அந்தக் கொலுசைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மெடலின் விளிம்பில் எண், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும் என்று. சுற்றி ஓடுகிற பொடி இங்கிலீஷ் எழுத்து, எங்கள் வீட்டில் அதைப் படிக்க யாருக்கும் தெரியாது. வீட்டில் அவரைக் கூப்பிட்டது சின்னக்கண்ணு என்று. பட்டாளத்தில் என்ன பேர் எழுதிக்கொடுத்தாரோ, அது அந்த வெள்ளியோடு உருகிப்போனது. அன்றைக்கு அந்த வீட்டில் வேறு வழி இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மற்ற வீடுகளில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். பிள்ளைகளை வீடு வீடாக அனுப்புங்கள். சாமி அறையில், டிரங்குப் பெட்டியில், பழைய பத்திரக் கட்டில் மெடலோ கடிதமோ இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். குறிப்பாகப் பாட்டிகளிடம். கிடைக்கிற பேரை அந்தப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். இங்கிலீஷில் பேரை நாலைந்து விதமாக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும், எழுதிய குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ! சில பதிவுகளில் அப்பா பேர், ஊர், ஜில்லா வரை இருக்கும். சேலம் என்று கண்டதும் நம் ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தர்மபுரி தனி மாவட்டமானதே 1965-ல்தான். அதற்கு முன்னால் கிருஷ்ணகிரிக்காரர்கள்கூட சேலம் ஜில்லாதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இடிக்க வருகிறவர்களுக்கு அது ஒரு கல், அவ்வளவுதான். கடப்பாரை விழுவதற்கு முன்னால் அதைப் பெயர்த்தெடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆளும் சாக்கும் நான் கொண்டுவருகிறேன். புதுக் கட்டடம் வந்ததும் அதைப் பதித்து, பக்கத்திலேயே கிடைத்த பேர்களை எழுதி ஒரு பலகை வைப்போம். எழுதுகிற கூலி என்னுடையது.

சனிக்கிழமை காலையில் வருகிறேன். சாக்பீஸ் தூளைத் தடவி ஈரத்துணியால் துடைத்தால் வெட்டெழுத்து பளிச்சென்று தெரியும். அந்தப் பையனையும் வரச்சொல்லுங்கள். ஒரு பேர் கிடைத்துவிட்டது என்று அவனிடம் சொல்லுங்கள்: சின்னக்கண்ணு, பட்டாளத்தார் வீடு.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு முன்னாள் ராணுவத்தான்