மேட்டூரில் 60 அடி என்றால் எவ்வளவு தண்ணீர்? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஜூன் நெருங்கிவிட்டால் டெல்டாவில் பலரும் முதலில் தேடுவது உங்கள் மேட்டூர் நிலவரத்தைத்தான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்று தினமும் போடுகிறீர்கள், நன்றி. ஆனால் அந்த எண்களை வைத்து நாங்கள் என்ன முடிவெடுப்பது என்பதை எழுதுவதில்லை.

ஓர் உதாரணம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. 60 அடி என்று படித்தால் பாதி அணை நிரம்பிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீர்த்தேக்கம் கீழே ஒடுங்கி மேலே அகன்று கிடப்பதால் கணக்கு அப்படி வராது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., 60 அடியில் இருப்பதோ சுமார் 25 டி.எம்.சி. பாதி உயரம், கால் பங்கை ஒட்டிய தண்ணீர்! பாசனத்துக்கு வினாடிக்கு 15,000 கனஅடி வீதம் திறந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.3 டி.எம்.சி. போய்விடும். வரத்து இல்லையென்றால் கடைசிச் சொட்டுவரை எடுத்தாலும் மூன்று வாரம் தாங்காது. குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசிப்பவருக்கு இந்த ஒரு வரிதான் செய்தி. அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழகத்தின் காவிரிப் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யை எப்படிச் சொல்வது? சென்னைக்கு மாதம் சுமார் ஒரு டி.எம்.சி. குடிநீர் வேண்டும் என்பார்கள். அதன்படி இது ஓராண்டுக்கும் மேலான குடிநீர். அதே 14.75-ஐ 15,000 கனஅடிக் கணக்கில் பார்த்தால் பதினோரு நாள் பாசனம். பழைய பங்கோடு பார்த்தால் எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றுமே சரி, ஆனால் படிப்பவர் மனதில் மூன்றும் வேறு வேறு செய்திகள். கோபமூட்ட வேண்டும் என்றால் முதலாவதை எடுப்பீர்கள், ஆறுதல் சொல்ல மூன்றாவதை. வயலில் நிற்பவருக்கு உதவுவது இரண்டாவது. முடிந்தால் இரண்டைச் சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம், இந்தக் கால்பந்து மைதானம். வெளிநாட்டு ஏஜென்சி செய்தியில் வருவதை அப்படியே இறக்கி, ‘இத்தனை மைதானம் அளவுக்குக் காடு எரிந்தது’ என்கிறீர்கள். ஒரு மைதானம் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஏக்கர். ஏக்கரிலேயே சொல்லலாமே! ரூபாய் நோட்டுகளை அடுக்கினால் நிலவுவரை போகும் என்ற ரகமும் வேண்டாம். நிலவு எவ்வளவு தூரம் என்பதும் எங்களுக்குப் பிடிபடாத எண்தான்.

பணத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்வதே நல்லது. 2010-ல் கைப்பேசிச் சேவைக்கான 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில், அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற எண் நாடெங்கும் ஒலித்தது. பூஜ்ஜியங்களை எண்ணி வியந்தோமே தவிர, அன்றைய மக்கள்தொகைக்கு வகுத்தால் ஆளுக்கு சுமார் 1,450 ரூபாய் என்று அதிகம் பேர் சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பல முறைகளில் கணக்கிட்டு, 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடிவரை இருக்கலாம் என்ற அனுமான இழப்பைத்தான் சொன்னது. அனுமானத்தை வகுத்தாலும் கிடைப்பது அனுமானம்தான் என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

இடமில்லை, நேரமில்லை என்பீர்கள். சரி, மேட்டூர் பெட்டிச் செய்தியில் மட்டுமாவது ஆரம்பியுங்கள். கொள்ளளவில் எத்தனை சதவீதம், போன வருடம் இதே நாளில் எவ்வளவு, இப்போது திறக்கும் அளவுக்கு எத்தனை நாள் வரும். இந்த மூன்றையும் சேர்த்தால் இரண்டு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
டெல்டா வாசகர் ஒருவர்