மகளுக்கு, வகுப்பு தொடங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ எடுக்கப்போகும் கணினி வரைகலை வகுப்புக்காக அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். முதல் மாதம் முழுக்க போட்டோஷாப் கருவிகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யப்போகிறாய். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளைப் பாடம் எடுத்த வருடங்களில், எந்த மெனுவில் எது இருக்கிறது என்று நோட்டில் எழுத வைத்து, தேர்விலும் அதையே கேட்டேன். 2020 முடிந்தபோது ஃபிளாஷ் பிளேயரின் கதையும் முடிந்தது. அந்த நோட்டெல்லாம் எடைக்குப் போடத்தான் ஆகும். ஆனால் பந்து தரையில் மோதும்போது நசுங்க வேண்டும், உச்சிக்குப் போனதும் கொஞ்சம் தயங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேனே, அது வீணாகவில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளிலும் பந்து அப்படித்தான் குதிக்கிறது.

புள்ளி வைத்து வளைகோடு வரையும் பென் டூலில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். ஒரு வளைவுக்கு இருபது புள்ளி வைப்பார்கள். கோடு மேடும் பள்ளமுமாக வரும். திட்டாதே. 1960களில் பெசியே என்ற பொறியாளர் ரெனோ கார்களின் வளைவுகளை வரையப் பயன்படுத்திய முறை இது என்று சொல்லு, காது கொடுப்பார்கள். புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிதான், கோடு எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்று சொல்கிறது. அப்புறம் கணினியை மூடச் சொல். தாளில் ஓர் இலையை வரைந்து, கோடு திரும்புகிற இடங்களில் மட்டும் புள்ளி வைக்கட்டும். நாலைந்துக்கு மேல் தேவைப்படாது. அந்தத் தாளையே ஸ்கேன் செய்து அதன் மேல் வரைந்தால் கைக்குப் பிடிபட்டுவிடும்.

பெயிண்ட் கலந்து பழகியவர்களுக்கு, திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாவது நம்பவே முடியாததாக இருக்கும். ஒளி சேரச் சேர வெளுக்கும், மை சேரச் சேர இருளும். இதைப் பிரிண்ட் எடுக்கும் முன்பே காட்டிவிடு. திரையில் பளீரென்று இருந்த என் நீலம் அச்சில் செத்துப்போய் வந்தபோது அச்சகத்தில் போய்ச் சண்டை போட்டவன் நான். தப்பு என்னுடையதுதான்.

மதிப்பெண் போட, முடிந்த படமான ஜேபெக் கோப்பை மட்டும் வாங்காதே. படத்தின் அடுக்குகள், அதாவது லேயர்கள், தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பையும் கேள். எங்கே தடுமாறினார்கள், எதை ஒளித்து வைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

சரி, ஒன்று மறந்துவிட்டேன். வீட்டில் காசு கட்டி மென்பொருள் வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கிரிட்டா, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள்கள் போதும், இரண்டும் இலவசம். லேபில் அவற்றையும் நிறுவச் சொல்லி இப்போதே எழுதிக் கொடு. எனக்கு அனுமதி வருவதற்குள் ஒரு செமஸ்டரே ஓடிவிட்டது.

அன்புடன்,
அப்பா