கசடிலிருந்து எரிவாயு: குடிநீர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

கழிவுநீர்க் கசடை வாயுவாக்கி எரிபொருள் எடுக்கும் உலையை விற்க இன்றில்லாவிட்டால் நாளை யாராவது உங்கள் வாசலுக்கு வருவார்கள். நுட்பம் பொய்யில்லை. காற்றை அளந்து கொடுத்து 800 டிகிரி அளவில் சூடாக்கினால், கசடு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகிறது. டோக்கியோவின் கியோசே நிலையத்தில் நாளொன்றுக்கு 100 டன் கசடைக் கையாளும் உலை 2010-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

ஆனால் தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள். கசடைச் சுழற்றி நீர் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் எந்திரத்திலிருந்து விழும் கசடுக் கட்டி (கேக்) பார்வைக்குக் கெட்டியாக, பிசைந்த களிமண் போல இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு டன்னில் 200 கிலோதான் உலர்ந்த சரக்கு. அதை எரித்தால் கிலோவுக்கு 11 மெகாஜூல் (வெப்பத்தின் அலகு) என்று வைத்தாலும் கிடைப்பது 2,200 மெகாஜூல். மீதி 800 லிட்டரை ஆவியாக்க, லிட்டருக்கு 2.6 மெகாஜூல் வீதம் 2,080 போய்விடும். உலர்த்தியில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் வரவும் செலவும் சரி. பிறகு எந்த வாயுவை விற்பது?

அதிலும் கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர் நிலையங்களின் கசடு, நுண்ணுயிர்கள் அதைச் செரித்து வாயுவாக்கும் செரிமானத் தொட்டியில் ஏற்கெனவே ஒருமுறை எரிவாயு கொடுத்துவிட்டு வருவது. அந்த வாயுவில் மின்சாரம் எடுத்துப் பழகிய வாரியத்துக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. செரிமானத் தொட்டிக்குப் போகாத பச்சைக் கசடின் எரிதிறனைக் காட்டி வரும் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

எனவே உலைக்கு முன் உலர்த்தும் வழியைத் தேடுங்கள். கண்ணாடிக் கூரையின் கீழ் வெயிலில் காய வைக்கலாம், எரிவாயு எஞ்சின்களின் புகைச்சூட்டையும் திருப்பிவிடலாம். சோதனை ஓட்டத்தைச் சித்திரை வெயிலில் நடத்திக் காட்டினால் நம்பாதீர்கள். ஐப்பசி அடைமழையில் நடத்தச் சொல்லுங்கள். வாயு குளிரும்போது படியும் தார் எஞ்சின் வால்வுகளை அடைத்துவிடும் என்பதால், அதைச் சுத்தம் செய்யும் செலவும் டெண்டரிலேயே வரட்டும்.

சாம்பலையும் மறக்க வேண்டாம். உலர்ந்த கசடில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும், கன உலோகங்களில் பெரும்பகுதி அதில்தான் தங்கும். பாஸ்பரசும் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியில் 2029 முதல் பெரிய நிலையங்கள் அதை மீட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

குப்பை எரிஉலையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கொடுங்கையூர் மக்கள். ஈரப்பதம், சாம்பல், குரோமியம், காட்மியம் ஆகியவற்றின் ஆய்வு முடிவுகளை நிலையம் வாரியாக, தமிழில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அவர்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவன்